மடிப்போடு கிழிந்த கட்டுரை

உலகச் செய்திகளைப் பற்றிக் கருத்துக் கட்டுரை எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்டுவரச் சொல்லி உங்களை அனுப்பியது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு என்மேல் ஏதோ பழைய கோபம் இருக்கிறது. கேட்கக் கூடாத ஆளிடம் வந்திருக்கிறீர்கள். அந்த வேலையைப் பல வருஷம் செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் எழுதியது எப்படிக் கிழியும் என்று தெரியும். அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

எங்களுடையது இலங்கைத் தேயிலை மலையில், ஹட்டனில், ஒரு சின்ன வாரப் பத்திரிகை. ஒரே பெரிய தாள், நடுவில் மடித்தால் நான்கு பக்கம். சனிக்கிழமை அச்சாகும், தோட்டத்துப் பஸ்களில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் போய்ச் சேரும். அதன் இரண்டாம் பக்கத்தில் உலக நடப்பைப் பற்றி வாராவாரம் என் கருத்து. கொரியாவில் யார் பின்வாங்க வேண்டும், சூயஸ் கால்வாய் யாருக்குச் சொந்தம், கொங்கோவில் யார் சொல்வது நியாயம் என்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் ஒழுகும் அறையிலிருந்து தீர்ப்புச் சொன்னவன் நான். எகிப்துக்காரர்கள் என் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். தோட்டங்களில் என்னை ‘ஒலகம்’ என்றார்கள். பஸ்ஸில் ஏறினால், “ஒலகம் வந்திருக்காரு, எடம் விடுங்க” என்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

இத்தனைக்கும் எனக்கு நாடு கிடையாது. கொட்டகலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். நாற்பத்தெட்டில் வந்த சட்டம், இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களில் அநேகம் பேரை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவிட்டது. பிறகு பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டேன், இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே ஜெர்மனியை இரண்டாகப் பிரித்தது சரியா என்று எழுதினேன். சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அறுபத்து நான்காம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஒரே அமளி. ரஷ்யாவில் தலைவரை மாற்றினார்கள், சீனா அணுகுண்டு வெடித்தது. இரண்டைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து இருந்தது, எழுதினேன். அப்புறம் தீபாவளி நெருங்கிய சமயத்தில் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டெல்லியில் உட்கார்ந்து எங்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். இத்தனை பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், இத்தனை பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் கொஞ்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

யார் போவது, யார் இருப்பது, கேட்டுச் செய்வார்களா, கேட்காமல் செய்வார்களா, மனு எங்கே கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, ஒன்றும் தெரியாது. உலகச் செய்தி முதல் தடவையாக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரி ஓடவில்லை.

எங்கள் ஆசிரியர் பழைய ஆள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “ரெண்டு பக்கத்தையும் எழுதுய்யா. ஒரு பக்கத்த மட்டும் பேசுறதுக்குக் கோட்டுல வக்கீல் இருக்கான், நமக்கு அந்த வேல வேண்டாம்” என்றார். சரி என்று எழுதினேன். போவதில் உள்ள நன்மைகளை எழுதினேன்: ஓட்டு உண்டு, யாரும் போ என்று சொல்ல முடியாது, பிள்ளைகள் படித்தால் உத்தியோகம் பார்க்கலாம். இருப்பதில் உள்ள நன்மைகளை எழுதினேன்: தெரிந்த வேலை, தெரிந்த மலை, செத்தவர்களைப் புதைத்த மண். இரண்டையும் படித்துப் பார்த்தால் இரண்டுமே சரியாக இருந்தது. அதனால் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்ட அந்த மிச்சம் பேரைப் பற்றி அதில் சொல்லி, எது சரி என்று எனக்கே தெரியவில்லை என்று முடித்திருந்தேன்.

ஆசிரியர் அந்தப் பத்தியை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

“தெரியலன்னு எழுதுறதுக்கு ஒலக விமர்சனம் எதுக்குய்யா? தெரியாதவன் ஊரு பூரா இருக்கான். தெரிஞ்சுக்கத்தான் அவன் பேப்பரே வாங்குறான்.”

அந்த இடத்தில் மழைக்குக் கம்பளி விற்கும் கடையின் விளம்பரம் போனது. மீதியை அவர் ஆசை ஆசையாக அமைத்தார். தாளை விரித்தால் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எதிரெதிரே வரும் அல்லவா? இரண்டாம் பக்கம் முழுக்க ‘போவதில் என்ன நன்மை?’. மூன்றாம் பக்கம் முழுக்க ‘இருப்பதில் என்ன நன்மை?’. இரண்டு தலைப்பின் கீழும் என் பெயர். விரித்து வைத்துப் பார்த்தால் தராசு மாதிரி இருந்தது. “இது பத்திரிக!” என்று மேசையைத் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்தின் நடுவில், நல்ல மழை நாளில், ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். தலையில் மடித்துப் போட்ட கறுப்புக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர், பெயர் காத்தாயி. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

“ஒலகம்னு எழுதுறவரு நீங்கதானுங்களா?”

“ஆமாங்கம்மா. உக்காருங்க.”

“உக்கார வரலைங்க. ஒரே பேப்பர மேல் டிவிசனுக்கு ஒரு மாதிரி, கீழ் டிவிசனுக்கு ஒரு மாதிரி அடிச்சு அனுப்புறீங்களே, இது நாயமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியெல்லாம் அடிப்பதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நின்றபடியே கதையைச் சொன்னார்.

அவருடைய கணவர் பெருமாள், தொழிற்சாலையில் வேலை, தோட்டத்தின் இரண்டு பிரிவுகளில் கீழ் டிவிசன் லயத்தில் குடியிருப்பு. மேல் டிவிசனில் ஆட்களை வேலை வாங்குகிறவர் மாரிமுத்து கங்காணி. இருவரும் பிள்ளைப் பருவத்திலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள். பெருமாளின் ஒரே மகள் சரசுவுக்கும் கங்காணியின் மகனுக்கும் பரிசம் போட்டாகிவிட்டது, தையில் கல்யாணம். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

“கங்காணி சொல்றாரு, பேப்பர்லயே போட்டிருக்கு, இந்தியாவுக்குப் போறதுதான் நல்லது, எங்க கூட வர்ற பொண்ணா இருந்தாத்தான் தாலின்னு. எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, பேப்பர்லயே போட்டிருக்கு, இருக்கிறதுதான் நல்லது, கப்பல் ஏறுறவன் வீட்டுக்கு எம் மகளக் குடுக்க மாட்டேன்னு. ரெண்டு பேரும் மாரியாத்தா மேல சத்தியம் பண்றாங்க. அப்ப யாருங்க பொய்யி? நீங்கதானே?”

இடுப்பிலிருந்து மெழுகுத் துணியில் சுற்றிய தாளை எடுத்து நீட்டினார். எங்கள் பத்திரிகைதான். ஆனால் பாதி. மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் மட்டும்.

“மத்தப் பாதி எங்கங்கம்மா?”

“மத்தப் பாதியா? அது மேல் டிவிசன் பேப்பரு.”

நான் ஒரு முழுப் பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தேன். காத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் கையில் இருந்த பாதியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. மடிப்பின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

“இந்த எடத்துலதான் கிழிப்பாங்க” என்றார், சத்தம் இறங்கிப்போய்.

அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியவந்தது. இரண்டு டிவிசனுக்கும் சேர்த்து அவர்கள் வாங்குவது ஒரே பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நண்பர்களும் நடுவில் இருக்கும் பாலத்தடிக் கடையில் சந்தித்து, மடிப்போடு நேராகக் கிழித்து, ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் தங்கள் லயத்தில் உரக்கப் படிப்பார்கள். கொஞ்சப் பேருக்குத்தான் எழுத்துத் தெரியும், மற்றவர்களுக்குக் காதுதான் பத்திரிகை. சாயங்காலம் அதே கடையில் பாதியை மாற்றிக்கொள்வார்கள். என் உலகம் எப்போதும் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால் இத்தனை வருஷம் ஒரு வம்பும் வரவில்லை. அந்த ஞாயிறு சாயங்காலம் மாற்றிக்கொள்வதற்கு முன்னாலேயே பேச்சு தடித்துவிட்டது. ஆளுக்கொரு பாதியோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எத்தன தோட்டத்துல இப்பிடிக் கிழிக்கிறாங்களோ” என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழம அந்தப் பாலத்தடிக் கடைக்கு வந்து, எது சரின்னு உங்க வாயால சொல்லிட்டுப் போங்க” என்றார் காத்தாயி. “நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க.”

அவர் போனதும் ஆசிரியர் என்னைப் பார்த்தார். “ஏதாவது ஒரு பக்கத்தச் சொல்லிட்டு வாய்யா. அந்தப் புள்ள கல்யாணம் நடக்கட்டும்.”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அந்தக் கடையில் ஒரு கல்யாண வீடு மட்டுமா இருக்கும்? இரண்டு டிவிசனும் இருக்கும். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி எத்தனை குடும்பம் பெட்டி கட்டும், எத்தனை குடும்பம் கட்டாமல் இருக்கும்? சூயஸைப் பற்றித் தப்பாகச் சொன்னால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. இது அப்படியா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கொட்டகலை தாண்டும்போது நான் பிறந்த லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. இருப்பதுதான் சரி, அதையே சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். தலவாக்கலையில் பஸ் நின்றபோது, மனுவுக்கு வந்த பதிலை அங்கே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து படித்த நாள் நினைவுக்கு வந்தது.  போவதுதான் சரி என்று மாற்றிக்கொண்டேன். லிந்துலையில் மறுபடி மாறியது. அக்கரப்பத்தனையில் என்ன நினைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பயமாக இருந்தது. பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பிள்ளைக்கு இருக்குமே, அந்தப் பயம்.

கடை நிறைந்து வழிந்தது. மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து நின்றார்கள். மாரிமுத்து கங்காணி வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு ஒரு பெஞ்சில். பெருமாள் எதிர்ப் பெஞ்சில், அவரைப் பார்க்காத மாதிரி. கடை முதலாளி சிங்களவர், எங்கள் பாஷை நன்றாகப் பேசுவார், ‘ஐயா’ மட்டும் ‘மாத்தயா’ என்றே வரும். தேநீரையும் ஒரு துண்டுப் பாண் ரொட்டியையும் என் கையில் கொடுத்துக்கொண்டே, “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாத்தயா. எல்லாரும் போயிட்டா நான் யாருக்குப் பாண் விக்கிறது?” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, கவலையா என்று தெரியவில்லை.

முதலில் இரண்டு பாதியையும் வாங்கி மேசையில் ஒட்ட வைத்தேன். கங்காணி தன் பாதியை உரக்கப் படித்தார். பெருமாள் தன்னுடையதைப் படித்தார். நல்ல குரல் இருவருக்கும். படித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு மிடறு தேநீர் குடிக்கும் நேரம் கூட நிற்கவில்லை.

“அப்ப எதுங்க சரி?” என்றார் பெருமாள்.

“ஒரு பக்கம் பார்த்தால்...” என்று ஆரம்பித்தேன்.

“அதத்தான் படிச்சாச்சுங்களே. இன்னொரு பக்கமும் படிச்சாச்சு. நீங்க போறீங்களா, இருக்கீங்களா? அதச் சொல்லுங்க.”

என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கடை முழுக்க என் வாயைப் பார்த்தது. காத்தாயி தூணோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைச் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

“எனக்குத் தெரியலைங்க” என்றேன்.

 யாரோ சிரித்தார்கள். கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது. “சூயஸ் கால்வாயப் பத்தித் தெரியிது, கொங்கோவப் பத்தித் தெரியிது. இது தெரியலையாக்கும்!” என்று தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். “சரி, இவரு தெரியலங்கிறாரு. நான் போறதாத்தான் இருக்கேன். எம் மகனும் வருவான். பொண்ண அனுப்புறதுன்னா கல்யாணம், இல்லாட்டி இல்ல.”

“எனக்கிருக்கிறது ஒரே மக. அவளக் கப்பல்ல ஏத்திட்டு நான் எந்த மலையப் பாத்துக்கிட்டு இருக்கிறது?” என்றார் பெருமாள். அழுகிற குரல் அது. கடையில் சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.  உண்மையைச் சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சரசு. அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை.

“ஐயா, இந்தக் கட ரேடியோவுல ஒண்ணு சொன்னாங்க. மிச்சம் கொஞ்சம் பேரப் பத்தி இப்ப முடிவு பண்ணல, அப்புறம் பேசிக்கலாம்னு ரெண்டு நாடும் விட்டு வச்சிருக்குன்னு. அது நெசந்தானுங்களா?”

சிவப்புப் பென்சில் அடித்த என் கடைசிப் பத்தி! கம்பளி விளம்பரத்துக்கு அடியில் போன பத்தி! அன்றைக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்த ஒரே கேள்வி அதுதான்.

“நெசந்தாம்மா.”

“அப்ப எங்க ரெண்டு பேரையும் அந்த மிச்சத்துல வச்சுக்கங்க. அவ்வளவு பெரியவங்களே முழுசா முடிவு பண்ணாமத்தானே கைச்சாத்துப் போட்டிருக்காங்க. நாங்களும் முடிவு பண்ணாம தாலி கட்டிக்கிறோம். போறதா இருக்கிறதாங்கிறத அப்புறம் பேசிக்கலாம்.”

அந்த மிச்சத்தில் யாரும் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். அது ஆள் விரும்பி எடுக்கிற சீட்டு இல்லை. அவள் சொன்னது சட்டப்படி தப்பு. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். காத்தாயி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். தேநீரைக் குடித்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மௌனம் பத்திரிகைக்காரனுக்கு அழகா? தெரிந்த தகவலைச் சொல்லாமல் விடலாமா? உங்கள் வயதில் யாராவது இதைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் அதே கடையில் இன்னொரு தடவை உட்கார வைத்தால், திரும்பவும் தேநீரைத்தான் குடிப்பேன். இதில் என்ன பாடம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

 கங்காணி தலைப்பாகையை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டார். “புள்ள வெவரமாத்தான் பேசுது” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு மேசையில் இருந்த இரண்டு பாதிகளையும் எடுத்து, தன்னுடையதைப் பெருமாளிடம் கொடுத்துவிட்டு அவருடையதைத் தான் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் பிந்தி, பாதி மாறியது.

திரும்பி வந்து ஆசிரியரிடம் சொன்னேன். அதன் பிறகு எங்கள் பத்திரிகையில் எந்தக் கட்டுரையும் மடிப்பைத் தாண்டவில்லை. என்ன எழுதினாலும் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும் என்று அச்சுக் கோர்ப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உருப்படியாக உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். எழுதுவதற்கு முன்னால், உங்கள் பத்திரிகையை எங்கே, யார், எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். என்னை யாரும் முன்கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை.

தையில் கல்யாணம். கீழ் டிவிசன் கோயிலில், நல்ல வெயில் நாள். ஆசிரியர் தன் பங்குக்கு மாப்பிள்ளைக்கு ஒரு புதுக் கம்பளி அனுப்பியிருந்தார். விளம்பரம் போட்டாரே, அதே கடையிலிருந்து. சம்பந்திகள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இது எத்தனை நாளைக்கு என்றும் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது காத்தாயி வெற்றிலைத் தட்டோடு வந்தார். சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

“ஐயா, அந்த ‘அப்புறம்’ எப்பங்க வரும்?”

உலக விமர்சனம் எழுதுகிறவன் நான். சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன்.

“தெரியலங்கம்மா.”

அவர் மகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையில் வெற்றிலையை வைத்தார்.

“சரிங்க” என்றார். “இதையாச்சும் ஒரே பக்கத்துல சொன்னீங்களே.”